இரண்டு ஆள் ஆழம்

12.6.2003 — பேசிய மாதச் சம்பளம்: ரூ. 2,800
9.1.2004 — திரும்பி வந்த நிலங்கள் மூன்று, பிடித்தம்: ரூ. 4,500
18.4.2005 — மருத்துவமனை முன்பணம்: ரூ. 6,000
3.7.2005 — காளவாசலிலிருந்து எழுமலைப் பக்கம், வாடகைக் கார்: ரூ. 850
19.11.2005 — அஞ்சலட்டை ஒன்று: 50 காசு

அசோக்குமாரின் அப்பா பேயாண்டி மாதம் ஓர் அஞ்சலட்டை போடுவார். அவருக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்லத் தங்கச்சி மகன் மலைச்சாமி எழுதுவான். எழுமலைக்கு வடக்கே உள்ளடங்கிக் கிடக்கும் அந்தச் சிற்றூரிலிருந்து மதுரை காளவாசலுக்கு அட்டை வந்து சேர இரண்டு நாளாகும். எல்லா அட்டைகளும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "கம்மாயில் தண்ணீர் இல்லை." அதற்குப் பிறகுதான் சுகம் விசாரிப்பு, அம்மா ஒச்சாயியின் முட்டிவலி, ஆடு குட்டி போட்ட சங்கதி எல்லாம். வீட்டில் யாராவது காய்ச்சலில் படுத்திருந்தாலும் முதல் வரி கண்மாய்க்குத்தான். கண்மாயின் மூன்றாம் மடைக்குக் கீழே பேயாண்டிக்கு ஒன்றரை ஏக்கர் வயல் இருந்தது. 1993க்குப் பிறகு அந்தக் கண்மாய் ஒரு தடவைகூட நிரம்பவில்லை.

அந்த 93இல் அசோக்குமாருக்குப் பதினைந்து வயது. உசிலம்பட்டி விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். ஆகவே விவரம் தெரிந்த பிறகு அவன் தன் ஊர்க் கண்மாயை நிறைந்து பார்த்ததே இல்லை. அவனுக்கு அது லீவு நாட்களில் கிரிக்கெட் ஆடுகிற பொட்டல்.

பட்டப்படிப்பை முடித்து, மதுரையில் கம்ப்யூட்டர் கோர்ஸும் படித்துவிட்டுக் காளவாசலில் வெங்கடேஷ்பாபுவிடம் வேலைக்குச் சேர்ந்தான். டயர் கடைக்கு மேலே மாடியில் ஒரு நீள அறை. அதுவரை கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த வெங்கடேஷ்பாபுவுக்குப் பெங்களூர் ஏஜெண்ட் ஒருவர் மூலம் புது வேலை கிடைத்திருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கணினி விளையாட்டு தயாரித்தது. சிப்பாய்கள் ஓடி ஒளிந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிற விளையாட்டு. ஓடி ஒளிய ஒரு நிலம் வேண்டுமே, அதைச் செய்து தர வேண்டும். மேடு, பள்ளம், பாறை, ஓடை, மரம் எல்லாம் திரையிலேயே செய்ய வேண்டும். பார்த்தால் யாரும் செய்ததாகத் தெரியக் கூடாது. அது ஒன்றுதான் கண்டிப்பு.

அதற்கென்று கணினியில் ஒரு எடிட்டர் இருந்தது. அதைத் திறந்தால் கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தட்டை நிலம் ஒன்று வரும், கோலம் போடுவதற்கு முன்னால் மெழுகி வைத்த வாசல் மாதிரி. அதற்குள் விதவிதமான பிரஷ்கள். ஒன்றை இழுத்தால் மண் உயரும், ஒன்றை இழுத்தால் இறங்கும். ஒன்று மேட்டை வழவழப்பாக்கும், இன்னொன்று சொரசொரப்பாக்கும். மண் நிறமும் புல் நிறமும் பூசிக்கொள்ளலாம். பாறையையும் மரத்தையும் எடுத்து எடுத்து வைக்கலாம்.

அவனோடு சேர்ந்தே வேலைக்கு வந்தவள் தேவிகா. வெங்கடேஷ்பாபுவைப் போலவே அவளும் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் அம்மாவும் சித்தியும் சுங்குடிச் சேலைக்குச் சம இடைவெளியில் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போடுகிறவர்கள். மரம் வைக்கிற வேலை முதலில் அவளுக்குத்தான். வைத்து முடித்த காட்டை வெங்கடேஷ்பாபு வந்து பார்த்தார்.

"ஏம்மா தேவிகா, இது காடா, கல்யாணச் சேலையா?"

மரங்கள் எல்லாம் அளந்து வைத்ததுபோல் ஒரே இடைவெளியில் நின்றன.

"வீட்டுல பழகின கை சார். ஒரு முடிச்சு தள்ளிப் போச்சுன்னா அம்மா மண்டையிலயே கொட்டும்."

வெங்கடேஷ்பாபு தங்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ சொல்ல, தேவிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்ன சொல்றாரு?" என்றான் அசோக்குமார். "என் மரமெல்லாம் பிரேயருக்கு நிக்கிற பிள்ளைக மாதிரி நிக்குதாம். ஜனகணமன பாடச் சொல்றாரு அண்ணே."

தேவிகா ஒரு வாரத்தில் கையைத் திருத்திக்கொண்டாள். அசோக்குமாரின் கோளாறுதான் என்னவென்றே பிடிபடவில்லை. அவன் செய்த மூன்று நிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. மூன்றுக்கும் ஒரே குறிப்பு: "யாரோ கட்டியது போலிருக்கிறது. நாங்கள் கேட்டது மனிதர் கால் படாத பள்ளத்தாக்கு." பெங்களூர் ஏஜெண்ட் தொகையைப் பிடித்துக்கொண்டார். வெங்கடேஷ்பாபு நல்ல மனிதர், அதைச் சம்பளத்தில் கழிக்கவில்லை. ஆனால் "இன்னும் ஒண்ணு திரும்புனா இந்த வேலைய மூடிட்டுப் பத்திரிகை அடிக்கப் போயிருவோம் தம்பி" என்று சொல்லிவிட்டார்.

அசோக்குமார் மூன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தான். மலை மலையாகத்தான் இருந்தது. ஓடை வளைந்துதான் இறங்கியது. கடைசியில் தேவிகாதான் மூன்றையும் பருந்து பார்க்கிற உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணே, இது என்ன? மூணுலயும் அருவா மாதிரி ஒண்ணு கெடக்கு?"

ஓடை தரைக்கு இறங்குகிற இடத்துக்குக் கீழே, மூன்றிலும், வளைந்த மேடு ஒன்று இருந்தது.

"அது கரை," என்றான் அவன்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? தண்ணி நிக்க வேணாமா? அது பாட்டுக்குப் போயிட்டேயிருந்தா?"

"யாருக்குண்ணே நிக்கணும்? அங்கிட்டு ஊரே கெடையாது. இருக்குறவன் அம்புட்டுப் பேரும் துப்பாக்கிய வச்சுக்கிட்டு ஓடுறான். அவன் நாத்து நடப் போறானா?"

அந்தக் கரையைப் போட்டதாகவே அவனுக்கு நினைவில்லை. மதுரையை விட்டு எந்தத் திசையில் போனாலும், எங்கே தரை கொஞ்சம் சரிந்தாலும், அதன் அடியில் ஒரு வளைந்த கரை உண்டு. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்தவனுக்கு மலை எப்படி மண்ணிலிருந்து முளைத்ததோ அப்படித்தான் கரையும் முளைத்தது. அதை ஆட்கள் கூடை கூடையாகச் சுமந்து கொட்டினார்கள் என்பது தெரியும். தெரிவது வேறு, கைக்குத் தெரிவது வேறு. கரை இல்லாத சரிவைப் பார்த்தால் சுவர் வைக்காத வீட்டைப் பார்க்கிறதுபோல் இருந்தது அவனுக்கு.

ஆனாலும் கற்றுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாகமலை அடிவாரத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்தான். எந்தக் குன்றும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிவதில்லை. உதிர்ந்த பாறை சரிவின் நடுவில் நிற்பதில்லை, அடியில்தான் போய்க் குவிகிறது. பாறை மண்மேல் வைத்ததுபோல் இருக்காது, பாதி புதைந்திருக்கும். ஈரம் தங்குகிற இடத்தில்தான் புல் கூடி நிற்கும். எந்தக் கல்லைக் காட்டி "இது எங்கிருந்து வந்தது" என்று கேட்டாலும் நிலம் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவன் செய்த எந்த நிலமும் திரும்பவில்லை. கரை இல்லாத ஓடைகளை அவன் நன்றாகவே செய்தான். செய்து முடித்து அனுப்பிய பிறகு கொஞ்ச நேரம் திரைப்பக்கம் பார்க்காமல் இருப்பான்.

2005 ஏப்ரலில் பேயாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. மதுரைக்கு அழைத்து வந்து மருத்துவமனையில் காட்டினான். இரைப்பையில் புற்று. மருந்து ஏற்றும் நாட்கள் தவிர மற்ற நாட்களில் அவரைத் தனியாகத் தன் வாடகை அறையில் விட மனமில்லாமல் அலுவலகத்துக்கே கூட்டி வந்தான். வெங்கடேஷ்பாபு ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டார். பேயாண்டி அதில் உட்கார்ந்து, துண்டை மடியில் போட்டுக்கொண்டு, மகன் வேலை செய்வதைப் பார்ப்பார்.

"எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்கு மொதலாளி காயுது?" என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வார். வெங்கடேஷ்பாபுவுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

முதல் நாளே ஒரு பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணி எங்கிட்டுப் போகுது?" என்றார்.

"சும்மா போகுதுப்பா."

"சும்மான்னா?"

"கடைசியில கடலுக்கு."

"கரை?"

"கெடையாது."

"நாதியத்த ஊரால்ல இருக்கு," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பாவின் மனக்குறை அசோக்குமாருக்குத் தெரியும். சாவதைப் பற்றி அவர் பேசவே இல்லை. மறுகால் போவதை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் கலுங்கு வழியாக வெளியே விழுந்தால் அதுதான் மறுகால். மருந்து ஏற்றிய நாளில் வாந்தியெடுத்துக் களைத்துக் கிடக்கும்போதுகூட, "இந்த ஐப்பசிக்கு மறுகா போயிருமாடா?" என்றுதான் கேட்பார். மழையோ மூன்று வருஷமாகப் பொய்த்துக்கொண்டிருந்தது.

மே மாதத்தில் ஒரு நாள், வேலை முடிந்த பிறகு, அசோக்குமார் புதிதாக ஒரு நிலத்தைத் திறந்தான். "வாங்கப்பா. நம்ம கம்மாயப் பண்ணுவோம். சொல்லுங்க."

பேயாண்டி நாற்காலியை முன்னால் இழுத்துப் போடச் சொன்னார். ஐயனார் கோயிலிலிருந்து பனைமரம் வரை கரை. மூன்று மடை. தெற்குக் கடைசியில் கலுங்கு. இதெல்லாம் அசோக்குமாருக்கும் தெரிந்ததுதான். கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கிற உள்வாயைத் தோண்டத் தொடங்கினான்.

"எம்புட்டு ஆழம்ப்பா?"

"ரெண்டு ஆள் ஆழம். மூணாம் மடைக்கிட்ட நான் முங்கி மண்ணெடுத்துருக்கேன். தோண்டு."

தோண்டினான்.

"இன்னும்."

தோண்டினான்.

"என்னடா கஞ்சத்தனம்? மண்ணு ஒன் அப்பன் வீட்டுதா? ஆமா, அப்பன் வீட்டுதுதேன். தோண்டு."

"அப்பா, இதுக்கு மேல தோண்டினா அடியில ஓட்டை விழுந்துரும்," என்றாள் தேவிகா. அது உண்மைதான், எடிட்டரில் நிலத்துக்கு ஒரு கடைசி ஆழம் உண்டு.

"அப்பச் சரி தாயி, நிறுத்தச் சொல்லு."

அவர் சொன்ன ஆழம் அவருடைய இருபது வயது ஆழம். அதற்குப் பிறகு நாற்பது வருஷ வண்டல் அந்தக் கண்மாயில் வந்து படிந்து தூர்ந்து கிடந்தது. யாரும் தூர் வாரவில்லை. அது அவருக்குத் தெரியாமல் இல்லை, அவனுக்கும் தெரியாமல் இல்லை. அந்தத் தரையில்தான் அவன் ஸ்டம்பு ஊன்றிக் கிரிக்கெட் ஆடியிருந்தான். ஆனால் அன்றைக்கு அப்பா சொன்னார், அவன் தோண்டினான். அவ்வளவு ஆழமான கண்மாயைத் திரையில் பார்த்தபோது இருவருக்குமே அதுதான் தங்கள் கண்மாய் என்று தோன்றிவிட்டது.

தண்ணீர் விடுவது சுலபம். மட்டம் எவ்வளவு என்று ஓர் எண்ணை அடித்தால் போதும். அடித்தான். கரை முட்ட நின்றது.

பேயாண்டி வெகுநேரம் பார்த்தார். "இம்புட்டுத்தேனா? ஒரு நம்பர அடிச்சா நெறஞ்சிருமா?"

"ஆமாப்பா."

"அப்பறம் எதுக்குடா ஊரே கலெக்டர் ஆபீசுக்கு மனுவத் தூக்கிக்கிட்டு அலையுது? இந்தப் பிள்ளைகிட்டக் கொடுத்துருக்கலாம்ல?" தேவிகா சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஆனா மறுகா போகலயே."

"நெறஞ்சுதானப்பா இருக்கு."

"பந்தி போட்டாக் கல்யாணம் முடிஞ்சதா ஆயிருமா? தாலி ஏறணும்டா. மறுகா போனாத்தேன் கம்மா நெறஞ்சது."

எடிட்டரில் தண்ணீர் என்பது கண்ணாடி மாதிரி ஒரே மட்டத்தில் கிடக்கிற தகடு. வழியாது, விழாது. அசோக்குமார் அதற்காக ஒரு வாரம் மினக்கெட்டான். கலுங்குக் கற்களின்மேல் மெல்லிய தகடு ஒன்றைச் சாய்த்து வைத்து, அதன்மேல் நுரைப்படம் ஒன்றை ஓடவிட்டான். அதன் விளிம்பு தெரியாமலிருக்கக் கல்லும் கோரைப்புல்லும் வைத்தான். சம்பளத்துக்குச் செய்த எந்த நிலத்துக்கும் அவன் அவ்வளவு பாடுபட்டதில்லை.

பேயாண்டி பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஓடுதுடா," என்றார். பிறகு காதைச் சாய்த்தார். "சத்தத்தக் காணோமே?"

மறுநாள் தேவிகா கீழே டயர் கடைக் குழாயைத் திறந்துவிட்டு மைக்கைப் பிடித்துப் பதிவு செய்து வந்து சேர்த்தாள். கேட்டுவிட்டுப் பேயாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இது குழாயடிச் சத்தம் தாயி. கொடத்தக் காணோம், குடுமிப்பிடிச் சண்டையக் காணோம், அதேன் கொறை." பிறகு மெதுவாகச் சொன்னார்: "மறுகாச் சத்தம் வேற. ஊரே ஒறங்கும், அது உறுமும். தொட்டில்ல கெடக்குற பிள்ளை முழிச்சுக்கிரும். ஆனா அழுகாது."

ஜூன் கடைசியில் மருத்துவர் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வாடகைக் காரில் ஊருக்குக் கொண்டுபோய் விட்டான். கட்டிலில் படுக்க வைத்துவிட்டுக் கிளம்பும்போது பேயாண்டி அவன் கையைப் பிடித்தார்.

"மறுகா போனா வா. வந்து என்னையத் தூக்கிட்டுப் போயிக் கரையில உக்கார வையி."

"மலைச்சாமி இருக்கான்லப்பா. நான் வர லேட்டானாலும் அவன் தூக்கிட்டுப் போவான்."

"வேற எவனும் தூக்கக் கூடாது. நாலு பேரு தூக்குறது ஒருக்காத்தேன். அதுக்கு முன்னாடி எம்மகன் ஒருத்தன் தூக்கட்டும்."

"வாரேன்ப்பா. கட்டாயம் வாரேன்."

ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் அட்டைகள் வழக்கம்போல் வந்தன. கம்மாயில் தண்ணீர் இல்லை. கம்மாயில் தண்ணீர் இல்லை. கம்மாயில் கொஞ்சம் ஈரம்.

நவம்பர் நடுவில் அடைமழை பிடித்தது. காளவாசலில் முழங்கால் தண்ணீர், டயர் கடைக்காரர் டயர்களை மாடிப்படியில் அடுக்கி வைத்தார். ஊரில் இருந்த ஒரே போன் கடைக்கு அடித்துப் பார்த்தான். மணி போகவில்லை. கம்பி அறுந்திருந்தது. கம்பெனிக்கு ஒரு பெரிய நிலத்தை 23ஆம் தேதி அனுப்ப வேண்டியிருந்தது. மலையிலிருந்து கடல் வரை ஒரே நிலம், இதுவரை செய்ததிலேயே பெரியது.

"போயிட்டு வாங்கண்ணே," என்றாள் தேவிகா. "நான் பாத்துக்கிறேன்."

வெங்கடேஷ்பாபுவும் தடுக்கவில்லை. "ஊருக்குப் போகணும்னா போ தம்பி," என்றுதான் சொன்னார்.

அசோக்குமார் தன் கண்மாயைத் திரையில் திறந்து காட்டினான். "இங்க பாரு. இம்புட்டு ஆழம். வரத்துக்கால் வேற கருவேல முள்ளு அடைச்சுக் கெடக்கு. ரெண்டு ராத்திரி மழையில இது நெறையுமா? பத்து நாளாச்சும் ஊத்தணும். இத அனுப்பிட்டு 24ஆம் தேதி போறேன். போயி நாலு நாள் இருந்து, மறுகா போகுறப்பக் கூடவே இருந்து, தூக்கிட்டுப் போயிக் காட்டிட்டு வாரேன்."

தேவிகா திரையைப் பார்த்தாள். ஆழமான கண்மாய்தான். அவளுக்கும் அது சரியென்றே பட்டது.

22ஆம் தேதி செவ்வாய்க்கிழமை முற்பகல் மலைச்சாமி மாடியேறி வந்தான். இடுப்பு வரை சேறு. கொஞ்ச தூரம் நடந்து, மீதித் தூரம் மணல் லாரியில் ஏறி வந்திருந்தான். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராமல், "மாப்ள, வெரசா வா," என்றான்.

"கம்மா?"

"வா மாப்ள."

"மறுகா போயிருச்சா?"

"போயி மூணு நாளாச்சு." மலைச்சாமி தலைத்துண்டை அவிழ்த்தான். "மாமா விடியக்காலையில தவறிட்டாரு."

போகிற வழியில் மலைச்சாமி எல்லாம் சொன்னான். கண்மாய் இரண்டே ராத்திரியில் பெருகிவிட்டது. "தொடையளவு ஆழத்துக்குத்தான மாப்ள தூந்து கெடந்துச்சு. நெறைய எம்புட்டு நேரமாகும்?" சனிக்கிழமை காலையில் கலுங்கில் தண்ணீர் விழுந்தது. ஊரே கரைக்கு ஓடியது. மலைச்சாமியும் பக்கத்து வீட்டுச் சோணையும் கட்டிலோடு தூக்கிப் போகிறோம் என்று போய் நின்றார்கள். பேயாண்டி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தூக்க விடமாட்டேனென்று சொல்லிவிட்டார்.

"'எம்மகன் வருவான்'னாரு. 'அவனுக்கு எப்புடி மாமா தெரியும், போனும் இல்லயே'ன்னேன். 'அவனுக்குக் கணக்குத் தெரியும்டா. அவன் கம்மாயக் கையில வச்சுருக்கான்'னாரு. அப்பறமா, 'எதுக்கும் ஒரு அட்டை போடு'ன்னாரு. எழுதி அன்னைக்கே எழுமலைக்கு நடந்துபோயிப் பொட்டியில போட்டேன். கம்மா மறுகா போகுது, வரவும். அம்புட்டுத்தான் எழுதச் சொன்னாரு. சொகத்தக்கூட எழுத வேணாம்னுட்டாரு."

"ஆத்தா என்ன செஞ்சுச்சு?"

"அத்தைதான் பின்கதவத் தொறந்து வச்சு, கட்டில அங்கிட்டு நகத்திப் போட்டுச்சு. சத்தம் நல்லாக் கேட்டுச்சு மாப்ள. மூணு நாளும் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே கெடந்தாரு. வாசல்ல காலடிச் சத்தம் கேட்டா மட்டும் கண்ணு தொறக்கும்."



ஒச்சாயி அவனைக் கட்டிக்கொண்டு அழவில்லை. "எங்கடா இருந்த?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

நீர்மாலைக்குப் போனார்கள். செத்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருகிற சடங்கு. பன்னிரண்டு வருஷமாக ஊரில் யார் செத்தாலும் போர்செட்டுக் குழாயடியில்தான் நீர்மாலை. அன்றைக்குக் கண்மாய்க்கே போனார்கள். குடத்தோடு மூன்றாம் மடைப் பக்கம் இறங்கினான் அசோக்குமார். ஓரடி வைத்தான், ஈரடி வைத்தான். கரையை விட்டு வெகுதூரம் நடந்தான். தண்ணீர் தொடைக்குமேல் ஏறவில்லை. காலுக்கடியில் வண்டல் மெத்தென்று இருந்தது. அப்பா முங்கி மண்ணெடுத்த இடம் இதுதான். நாலு பக்கமும் வானம் முட்டத் தண்ணீர் விரிந்து கிடந்தது. பார்க்கிறவன் யாரும் அது அவ்வளவு மேலோட்டமானது என்று சொல்ல முடியாது. தெற்கே கலுங்கில் மறுகால் விழுந்துகொண்டிருந்தது. அதன் சத்தம் குழாயடிச் சத்தம் மாதிரி இல்லை.

"கொடத்த முக்கு மாப்ள, நேரமாச்சு," என்றான் மலைச்சாமி கரையிலிருந்து.

பாடை கிளம்பியபோது அசோக்குமார் குனிந்து ஒரு மூங்கிலைப் பிடிக்கப் போனான். ஊர்ப் பெரியவர் ஒருவர் அவன் தோளைத் தொட்டு நிறுத்தினார். "நீ கொள்ளிக்காரன்ப்பா. சட்டிய எடுத்துக்கிட்டு முன்னால நட." மகன் தூக்குவதில்லை, அது முறையில்லை. மலைச்சாமி, சோணை, உறவுக்காரர்கள் காளை, சின்னான் என நாலு பேரும் தூக்கினார்கள். அசோக்குமார் நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்தான். சுடுகாட்டுப் பாதை கரைமேல்தான் போகிறது. பேயாண்டி மறுகாலைத் தாண்டிப் போனார். மகன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரிய நிலத்தைத் தேவிகா முடித்துச் சொன்ன தேதிக்கு அனுப்பிவிட்டாள். கம்பெனிக்காரர்கள் மிகவும் இயற்கையாக இருப்பதாக எழுதியிருந்தார்கள்.

கருமாதிச் செலவுக்குச் சம்பளம் வாங்க அடுத்த வாரம் புதன்கிழமை அசோக்குமார் காளவாசலுக்கு வந்தான். தலை மொட்டை. வெங்கடேஷ்பாபு பணத்தைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, டீ சொல்லப் போனார். சாய்வு நாற்காலி அதே இடத்தில் கிடந்தது. அசோக்குமார் தன் கண்மாயைத் திறந்தான். தண்ணீரை எடுத்துவிட்டு, மண்ணை உயர்த்தும் பிரஷைப் பிடித்து, மூன்றாம் மடைப் பக்கமிருந்து வண்டலை நிரப்பத் தொடங்கினான். ஓர் ஆள் ஆழம் மறைந்தது. இன்னோர் ஆள் ஆழமும் மறைந்தது. தொடையளவு வந்ததும் நிறுத்தினான். பழைய எண்ணையே அடித்துத் தண்ணீரை விட்டான். மேலிருந்து பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"இப்பச் சரியா இருக்கு," என்றான்.

தேவிகா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அண்ணே, நானும்தான் பாத்தேன். நானும்தான் சரின்னேன்," என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவன் அங்கே வேலை பார்த்தான், நல்ல நல்ல நிலங்களாகச் செய்தான். அந்தக் கண்மாயை மட்டும் மறுபடி திறக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை பிற்பகலிலேயே தபால்காரர் டயர் அடுக்கைத் தாண்டி மாடியேறி வந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ரோடு அறுந்து தபால் பை உசிலம்பட்டியிலேயே கிடந்துவிட்டது என்றார். தேவிகா எழுந்து போய் வாங்கி வந்தாள். மலைச்சாமியின் கையெழுத்து மழையில் ஊறிப் பரவியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. அவன் சொன்ன அந்த ஒரு வரிதான். பேயாண்டி போட்ட கடைசி அட்டை காளவாசலுக்கு வந்து சேர்ந்த நாள் 30.11.2005.